ஒன்பது அட்டைக்கு ஒரு தாள்

போன வருடம் எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் நடத்திய வினாடி வினாவில் உலக வரலாற்றுச் சுற்றுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தவன் நான். பதினேழாவது கேள்வி: "உலகில் முதன்முதலாக அச்சிடப்பட்ட நூல் எது?" விடை குட்டன்பர்க் பைபிள் என்று அறிவித்ததும், மூன்றாவது வரிசையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், சீனாவில் 868-லேயே அச்சடித்த புத்தகம் இருக்கிறதே? லண்டனில் வைத்திருக்கிறார்கள்."

"அது மரப்பலகையில் செதுக்கி அச்சடித்தது அம்மா. நான் கேட்டது தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சடித்த நூலை" என்று சமாளித்தேன்.

"அப்படியென்றால் கொரியாவில் 1377-இல் உலோக எழுத்தால் அச்சடித்திருக்கிறார்கள். குட்டன்பர்க் அதற்கு எழுபது எண்பது வருடம் கழித்துத்தானே, சார்?"

அரங்கம் சிரித்தது. அவளுக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மற்றவனாக இருந்தால் இதை மறந்திருப்பான். எனக்குத் தொழிலே அச்சகம்.

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். பெண் சொன்னது அத்தனையும் சரி. சீனாவின் டூன்ஹுவாங் குகையில் கிடைத்த வஜ்ர சூத்திரம் என்ற பௌத்த நூலின் சுருளில் 868 என்ற தேதியே அச்சாகியிருக்கிறது. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கொரியாவின் சோங்ஜு நகரில், ஹுங்தோக் கோயிலில், 1377-இல் உலோக எழுத்துகளால் அச்சான 'ஜிக்ஜி' நூலின் இரண்டு தொகுதிகளில் இரண்டாவது மட்டும் தப்பிப் பிழைத்து பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் கிடக்கிறது. ஜெர்மனியின் குட்டன்பர்க் அச்சடித்த பைபிள் ஏறத்தாழ 1455. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1040-களிலேயே பி ஷெங் என்ற சீனர் சுட்ட களிமண்ணில் எழுத்துச் செய்து கோத்துப் பார்த்துவிட்டார். முப்பது வருடம் மையில் கையை நனைத்த எனக்கு, அச்சு என்றால் ஜெர்மனிக்கு இந்தப் பக்கம் எதுவும் கிடையாது என்றே நினைப்பு.

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பழைய வினாத்தாளை எடுத்துச் சிவப்புப் பேனாவால் கூறு போட்டேன். மொத்தம் 40 கேள்விகள். ஐரோப்பாவுக்கு 22. இந்தியாவுக்கு 10. அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு 4. சீனாவும் ஜப்பானும் சேர்ந்து 2. எகிப்துக்கு ஒன்று. மீதமுள்ள உலகம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று, அதுவும் மண்டேலா. இதற்கு 'உலக வரலாற்றுச் சுற்று' என்று பெயர் வைத்துப் பதாகையும் நானே அச்சடித்திருந்தேன். அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தேன் அல்லவா, அதில் 19 கேள்விகளுக்குச் சரியான விடை 'இ'. கேள்வியைப் படிக்காமல் வரிசையாக 'இ' போட்டுக்கொண்டே போனவனுக்குப் பாதி மதிப்பெண் நிச்சயம். விடையை ஓரத்தில் வைக்க மனம் வராமல் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இவற்றைவிடப் பெரிய குறை இன்னொன்று. 26 கேள்விகள் வெறும் பெயரோ ஆண்டோ கேட்டன. 1789 என்றால் பிரெஞ்சுப் புரட்சி என்று சொல்கிற பையனுக்கு, அதே நேரத்தில் உலகின் வேறு மூலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால் முகம் வெளுத்துவிடும். ஆண்டைக் கேட்காமல் 'எது முன், எது பின்' என்று மட்டும் கேட்டால் என்ன என்று தோன்றியது. ஒரு அட்டையின் முன்புறம் நிகழ்ச்சி, பின்புறம் ஆண்டு. ஐந்து அட்டைகளைக் கையில் கொடுத்து, காலவரிசையில் மேசையில் அடுக்கச் சொல்ல வேண்டியது. மனப்பாடக்காரனுக்கும் சரி, ஊகிக்கத் தெரிந்தவனுக்கும் சரி, வேலை இருக்கும்.

மிச்சமான கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைச் சுவரில் ஒட்டி, குறுக்கே ஆறு, நெடுக்கே ஆறு என்று கோடு போட்டேன். குறுக்கே நிலப்பகுதிகள்: ஆப்பிரிக்கா, மேற்காசியா, தெற்கு மற்றும் தென்கிழக்காசியா, கிழக்காசியா, ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள். நெடுக்கே காலங்கள்: கி.மு. 500-க்கு முன், கி.மு. 500 முதல் கி.பி. 500 வரை, 1000 வரை, 1500 வரை, 1800 வரை, அதற்குப் பின். முப்பத்தாறு கட்டம், கட்டத்துக்கு இரண்டு என்றால் எழுபத்திரண்டு அட்டை. ஏ4 தாளில் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என்று ஒன்பது அட்டை அடங்கும். எட்டுத் தாளில் வேலை முடியும். கணக்கு இவ்வளவு அழகாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காலங்களுக்கு முதலில் 'பண்டைக்காலம், இடைக்காலம், மறுமலர்ச்சி' என்றுதான் எழுதினேன். கிழக்காசியப் பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. சீனாவுக்கு எது இடைக்காலம்? எதற்கும் எதற்கும் இடையில்? அந்தப் பெயர்கள் ஐரோப்பாவின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தவை. அடித்துவிட்டு வெறும் எண்களை எழுதினேன்.

ஐரோப்பா, 1500 முதல் 1800 வரை: ஒரே மாலையில் பதினொரு நிகழ்ச்சிகள் வந்து நெருக்கின. ஆப்பிரிக்கா, 500 முதல் 1000 வரை: மூன்று நாள் காலியாகக் கிடந்தது. கட்டம் காலி, கண்டம் காலி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேடினேன். மொராக்கோவின் ஃபெஸ் நகரின் அல் கராவியீன் மசூதியும் கல்விக்கூடமும், பாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவியதாக மரபு சொல்வது, 859. நைஜீரியாவின் இக்போ உக்வூவில் மண்ணுக்கடியில் கிடைத்த வெண்கல வேலைப்பாடுகள், ஒன்பதாம் நூற்றாண்டு. பித்தளை விளக்கு வார்க்கிற பட்டறைக்காரர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அந்த வெண்கலக் கலயத்தின் படத்தை அவரிடம் காட்டினேன். கலயத்தைச் சுற்றிக் கயிறு கட்டியது போல இருந்ததைப் பார்த்து, "கயிறும் வார்ப்புத்தானா? மெழுகு வைத்துத்தான் இதைச் செய்ய முடியும், லேசுப்பட்ட கை இல்லை" என்றார். அந்த அட்டையை எழுதும்போது எனக்கு எழுத்து சற்று நிமிர்ந்து விழுந்தது.

எகிப்தை எங்கே வைப்பது என்று அரை நாள் போயிற்று. நிலம் ஆப்பிரிக்கா என்பதால் பெரிய பிரமிடு (சுமார் கி.மு. 2560) அங்கே போயிற்று. 1884-85 பெர்லின் மாநாடு இன்னும் மோசம். நடந்தது பெர்லினில், பேசியது ஆப்பிரிக்காவைப் பங்கு போடுவதைப் பற்றி, மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கட்டங்களுக்கும் நடுவே நின்றேன். கடைசியில் ஐரோப்பாவுக்குள் ஒட்டினேன், நடத்தியவன் கணக்கில் சேரட்டும் என்று. 1893-இல் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை தந்த நியூசிலாந்துக்கோ என் சுவரில் இடமே இல்லை. பசிபிக் பெருங்கடலை முழுவதும் மறந்துபோயிருக்கிறேன்! மூன்றாம் பத்தியின் தலைப்பில் 'பசிபிக்' என்று இடுக்கி எழுதினேன். சரியான தீர்வு இல்லைதான். எழுபத்திரண்டு என்ற எண் மேல் எனக்கிருந்த ஆசை ஜெயித்தது.

பட்டியல் முடிந்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வரலாற்று ஆசிரியர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதல் பத்து நிமிடத்திலேயே எட்டு அட்டைகளை ஒதுக்கினார்.

"ரோமப் பேரரசு வீழ்ந்தது, 476 என்று போட்டிருக்கிறீர்கள். கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தவர்கள் 1453 வரை தங்களை ரோமர் என்றுதானே சொல்லிக்கொண்டார்கள்?"

"பாடப்புத்தகத்தில் அப்படித்தானே, ஐயா?"

"பாடப்புத்தகத்தில் வீழட்டும். அட்டையில் யார், யாரை, என்ன செய்தார் என்று எழுதுங்கள்."

அவர் சொன்னபடி, 'ஓடோவாசர், மேற்கு ரோமின் சிறுவயதுப் பேரரசர் ரோமுலுஸ் அகஸ்துலுஸைப் பதவியிறக்கினார்' என்று ஒன்று. 'இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றினார்' என்று இன்னொன்று. 'தொழிற்புரட்சி தொடங்கியது', 'மறுமலர்ச்சி பிறந்தது' போன்றவை எல்லாம் குப்பைக் கூடைக்குப் போயின. பிறந்த தேதி சொல்ல முடியாதவற்றை வரிசையில் நிற்க வைக்க முடியாது.

'முதல்' என்ற சொல்லுக்கும் அன்றே தடை விழுந்தது. உலகை முதலில் சுற்றி வந்தவர் மகெல்லன் என்று எழுதியிருந்தேன். மனிதர் 1521 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் கொல்லப்பட்டுவிட்டார்; விக்டோரியா என்ற ஒற்றைக் கப்பலில், தன்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேராக, 1522-இல் ஸ்பெயினுக்குத் திரும்பி வந்தது அவர் குழுவிலிருந்த எல்கானோ. 'முதல் பெண் பிரதமர்' என்பது மட்டும் நின்றது. 1960 ஜூலையில் இலங்கையில் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க. அதிலும் 'பிரதமர்' என்ற சொல்லை 'நாட்டுத் தலைவர்' என்று மாற்றினால் கேள்வி உடைந்துவிடும் என்று பெரியவர் எச்சரித்தார். 'உலகின் முதல் பல்கலைக்கழகம்' பற்றி நாங்கள் பேச ஆரம்பித்தபோது அவர் வீட்டில் இரண்டாவது காபி வந்தது. நாலந்தாவா, ஃபெஸ்ஸா, 1088 என்று சொல்லப்படும் இத்தாலியின் போலோன்யாவா என்பது பல்கலைக்கழகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. அட்டையில் அதற்கெல்லாம் இடமில்லை.

ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று ஒரு சுவையான அட்டை போடலாம் என்று அவரே சொன்னார். மறுநாள் அவரே தொலைபேசியில் அழைத்து வேண்டாம் என்றார். இருவருக்கும் 1616 ஏப்ரல் 23 என்றுதான் வழக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்பெயின் 1582-லேயே கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியனைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் பத்து நாள் இடிக்கிறது. தேதி ஒன்று, நாள் வேறு. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நம் நாட்காட்டியில் நவம்பர் 7-இல் வருவதும் இதே சங்கதிதான்.

நாட்காட்டியில் நான் தனியாகவும் ஒருமுறை விழுந்தேன். 'எந்த இடைவெளி பெரியது?' என்று சில துணைக் கேள்விகள் வைத்திருந்தேன். பெரிய பிரமிடிலிருந்து கிளியோபாட்ராவின் மரணம் (கி.மு. 30) வரையா, அங்கிருந்து மனிதன் நிலாவில் இறங்கிய 1969 வரையா? முன்னது சுமார் 2530 வருடம். பின்னதற்கு முப்பதையும் 1969-ஐயும் கூட்டி 1999 என்று எழுதியிருந்தேன். கி.மு. 1-க்கு அடுத்த வருடம் கி.பி. 1, பூஜ்ஜியம் என்ற ஆண்டு கிடையாது. ஆகவே 1998. கேள்வியின் விடை மாறவில்லை என்றாலும், அந்த மாணவி எதிரில் உட்கார்ந்திருப்பாள் என்ற பயத்தில் திருத்திவிட்டேன்.

'சுமார்' போட்ட ஆண்டுகளுக்கு ஒரு விதி வைத்தேன்: அப்படிப்பட்ட அட்டைகள் ஒரே கையில், அதாவது ஒருவருக்கு ஒரு தடவை கொடுக்கும் ஐந்து அட்டைகளில், வந்தால் அவற்றுக்கிடையே நூறு வருடமாவது இருக்க வேண்டும். அத்வா போரையும் (1896 மார்ச் 1, எத்தியோப்பியாவின் இரண்டாம் மெனலிக் இத்தாலியப் படையைத் தோற்கடித்தது) அதே வருடம் ஆகஸ்டில் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துபோன சான்சிபார் போரையும் ஒரே கட்டத்தில் போட்டிருந்தேன். மாதத்தை வைத்து முன்பின் கேட்பது கஞ்சத்தனமான கேள்வி. சான்சிபார் வெளியே போயிற்று.

இனி என் சொந்த ராஜ்யமான அச்சு வேலை. இங்கே பிசகாது என்று நம்பினேன்.

மாதிரிக்கு 130 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் பேப்பரில் ஒரு தாள் எடுத்தேன். அட்டையை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்த என் பையன் ஆண்டைக் கடகடவென்று வாசித்தான். அவனுக்கு வரலாற்றில் திடீரென்று வந்த புலமை சந்தேகத்தைக் கிளப்ப, நானும் டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். பின்புறத்து எண் இடவல மாற்றத்தோடு தெளிவாகத் தெரிந்தது. 300 ஜி.எஸ்.எம். போர்டுக்கு மாறினேன். போதாக்குறைக்குப் பின்புறம் முழுவதும் கரும்பழுப்பு நிறம் கொடுத்து, ஆண்டை வெள்ளை எழுத்தில் விட்டேன்.

எட்டுத் தாளும் ஓடி முடிந்தன. முதல் தாளின் நடு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: ஜப்பானின் மெய்ஜி மீட்பு, 1868. சரி. அடுத்த தாளின் நடு அட்டை: அங்கோர் வாட், பன்னிரண்டாம் நூற்றாண்டு. சரி. திருப்தியாக கட்டிங் மெஷினுக்கு அனுப்பி, 63-க்கு 88 மில்லிமீட்டர் அளவில் வெட்டி, மூலைகளையும் வளைத்து, ரப்பர் பேண்டு போட்டாயிற்று. இரவு சாப்பிட்டுவிட்டு ஆசையாக ஒரு கட்டைப் பிரித்தால், மாலியின் மன்னர் மான்சா மூசா 1804-இல் மக்காவுக்குப் புனிதப் பயணம் போகிறார். ஹெய்தி 1324-இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை பெறுகிறது.

தாளை நீளவாக்கு விளிம்பில் புரட்டும்போது முன்பக்கத்தின் இடது பத்தி பின்பக்கத்தில் வலதுக்குப் போகும். பின்பக்கத்து ஆண்டுகளை அதற்கேற்ப இடவலம் மாற்றி அடுக்க வேண்டும். நான் நேராகவே அடுக்கிவிட்டேன். நடுப் பத்திக்கு மட்டும் இப்படிப் புரட்டும்போது இடம் மாறாது. நான் சோதித்தது இரண்டு முறையும் நடு அட்டையை! தாளுக்கு ஆறு என்று நாற்பத்தெட்டு அட்டை வீண், இருபத்துநான்கு தப்பின. வேலைக்கு இருக்கும் பையன் இதே தப்பைச் செய்திருந்தால் அன்று என்னவெல்லாம் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு மறுபடியும் ஓட்டினேன். மான்சா மூசா 1324-க்குத் திரும்பினார். அந்தப் பயணத்தில் அவர் அள்ளிக் கொடுத்த தங்கத்தால் கெய்ரோவில் தங்கத்தின் விலையே இறங்கிப்போனதாகச் சொல்வார்கள். வீணான போர்டின் விலையை அவரிடம் கேட்டு வாங்கியிருக்கலாம்.

மதிப்பெண் போடுவதை முதலில் சாதாரணமாக நினைத்தேன். சரியான இடத்தில் இருக்கும் அட்டைக்கு ஒரு மதிப்பெண், அவ்வளவுதானே? அச்சுத் தொழில் அட்டைகளோடு பெரிய கோயிலையும் சேர்த்து என் மனைவியிடம் சோதித்தேன்: வஜ்ர சூத்திரம் 868, தஞ்சைப் பெரிய கோயில் 1010, ஜிக்ஜி 1377, குட்டன்பர்க் 1455, கொல்லத்தில் தமிழில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578. அவள் பெரிய கோயில், ஜிக்ஜி, குட்டன்பர்க், தம்பிரான் வணக்கம் என்று பிசகாமல் அடுக்கிவிட்டு வஜ்ர சூத்திரத்தை மட்டும் கடைசியில் வைத்தாள். எந்த அட்டையும் தன் இடத்தில் இல்லை. என் விதிப்படி பூஜ்ஜியம். "நான்கை ஒழுங்காக வைத்ததற்குச் சன்மானமா இது?" என்று எழுந்து போய்விட்டாள். நியாயமான கோபம்.

அதற்குப் பிறகு ஜோடிகளை எண்ணத் தொடங்கினேன். ஐந்து அட்டைகளில் பத்து ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் முந்தையது முன்னே இருந்தால் ஒரு மதிப்பெண். வஜ்ர சூத்திரம் மற்ற நான்கோடும் தப்பாக நிற்கிறது. நான்கு போக அவளுக்கு ஆறு. சூத்திரத்தையும் கோயிலையும் மாற்றி, ஜிக்ஜியையும் குட்டன்பர்க்கையும் மாற்றி வைத்த ஒருவருக்குப் பழைய முறையில் ஐந்துக்கு ஒன்று. புதிய முறையில் பத்துக்கு எட்டு. கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் சராசரியாக ஐந்து வரும் என்பதால் ஐந்துதான் இங்கே பூஜ்ஜியம். முழுக்கத் தலைகீழாக அடுக்கி நிஜமாகவே பூஜ்ஜியம் வாங்குவதற்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பதினான்கு பேரை உட்கார வைத்து வெள்ளோட்டம் பார்த்தோம். ஆளுக்கு ஆறு கை, மொத்தம் 60, குருட்டாம்போக்கில் 30. முதல் கை முடிந்ததுமே தெரிந்தது, எல்லோரும் நடுக்கடலில் நிற்கிறார்கள் என்று. அட்டையைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு மேசையில் மட்டும் சத்தம் கேட்டது. அவர்கள் கையில் பெரிய கோயில் அட்டை வந்திருந்தது. "இது பெரிய கோயிலுக்கு முன்பா, பின்பா?" என்று ஒவ்வொரு அட்டையையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2010-இல் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்ததால் 1010 என்ற எண் இங்கே பலருக்கும் தெரியும்.

அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி விதியை மாற்றினேன். பெரிய கோயிலைக் கட்டிலிருந்து உருவி, ஆண்டு தெரியும்படி எழுதி மேசை நடுவே வைத்தாயிற்று. இனி ஒவ்வொரு கைக்கும் நான்கு புது அட்டை, ஐந்தாவது எப்போதும் கோயில். படகைக் கட்ட ஒரு முளை கிடைத்தது போல ஆயிற்று. கிரேக்கத்தில் இந்த ஆட்டத்தை ஆடினால் பார்த்தெனான் கோயிலை நடுவில் வைக்கலாம், மெக்சிகோவில் அஸ்டெக்குகளின் தலைநகர் டெனொச்சிட்லானை வைக்கலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார்.

அதன்பின் நடந்த தப்புகள் ரகமே வேறு. பெரு நாட்டு மலைநகரம் மாச்சு பிச்சுவை ஏறக்குறைய அத்தனை பேரும் பெரிய கோயிலுக்கு முன்னால் வைத்தார்கள், சிலர் கி.மு.வுக்கே கொண்டுபோனார்கள். அது பதினைந்தாம் நூற்றாண்டு. இன்காக்களின் பேரரசர் பச்சாகுட்டி காலத்தது. கோயிலைவிட நானூறு வருடத்துக்கு மேல் இளையது. பெரிய சிம்பாப்வேயின் கல் மதில்களுக்கும் இதே கதி. கூரை போய், புல் முளைத்து, படத்தில் மேகமும் சேர்ந்துவிட்டால் எதுவும் ஆதிகாலம் ஆகிவிடுகிறது. பூசை நடக்கும் கோயிலுக்கு வயது தெரிவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் 1096 வாக்கில் பாடம் நடந்துகொண்டிருந்தது, டெனொச்சிட்லான் 1325-இல்தான் உருவானது என்று இரண்டு அட்டையையும் திருப்பிக் காட்டியபோது, முதுகலை வரலாறு படிக்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் ஆதாரம் கேட்டார். கேட்கட்டும்.

பெரிய சண்டை மிளகாயில் வந்தது. 'அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது' என்ற அட்டையைக் கையில் வாங்கிய இட்லிக்கடை அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது கேள்வியா, கிண்டலா?"

"கேள்விதான் அக்கா. கோயிலுக்கு முன்பா, பின்பா?"

"மிளகாய் இல்லாமல் ராஜராஜன் என்ன சாப்பிட்டிருப்பான்? அட்டையில் தப்பு இருக்கிறது." கோயிலுக்கு முன்னால் டக்கென்று வைத்தார். திருப்பினால் பதினாறாம் நூற்றாண்டு. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தானாகவே, "மிளகு போலக் காரமாக இருந்த காய், அதனால் மிளகாய். பெயரிலேயே இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை" என்றார். தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே திசையிலிருந்து வந்தவை என்று நான் சேர்த்ததும், "அப்படியானால் அந்தக் காலத்து சாம்பாரைப் பற்றி இனிமேல் என்னிடம் யாரும் பேசக்கூடாது" என்று எழுந்து கடைக்குப் போய்விட்டார். அவர் மதிப்பெண் 41, ஐந்தாம் இடம்.

முதலிடம் 52. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். புத்தகம் அதிகம் படிக்காதவர். ஐம்பது வருடமாக அஞ்சல் தலை சேர்க்கிறார். எந்த நாடு எந்த ஆண்டு பெயர் மாறியது, எந்த மன்னன் தலை எப்போது அஞ்சல் தலையிலிருந்து போயிற்று என்று விரல் நுனியில் வைத்திருந்தார். கடைசி இடம் 33. அது யார் என்று எழுதுவதாக இல்லை. நூலகத்தில் என்னை மறுபடி உள்ளே விட வேண்டும்.

எல்லோரும் சரியாக வைத்த ஜோடிகளையும் குறித்துக்கொண்டேன். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இரண்டாம் உலகப் போர் என்று வைக்காதவர் யாருமில்லை. அந்த ஜோடி ஒன்றையும் அளக்கவில்லை, கையிலிருந்து பிரித்துவிட்டேன். எல்லோரும் தவறவிட்ட ஜோடியும் அளவுகோலுக்கு உதவாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் மிளகாயை எடுக்க மனம் வரவில்லை.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வருடம் என்று வீட்டில் விடவில்லையாம்; ஆட்டம் முடிந்து மேசைகளை ஒதுக்கும்போதுதான் வந்தாள். அட்டைக் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஜிக்ஜி அட்டை வந்ததும் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். நாற்பது ஐம்பது அட்டை தாண்டி ஓரிடத்தில் கை நின்றது.

"சார், காலி கல்வெட்டு."

சீனத் தளபதி செங் ஹ இலங்கையின் காலியில் நிறுத்திய கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் காணிக்கை விவரம். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்து உள்ள கல் என்பதால் ஆசையாகச் சேர்த்திருந்தேன். பின்புறம் 1409.

"கல்லில் பொறித்திருக்கிற தேதி 1409. ஆனால் அதைச் சீனாவிலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்ததாகப் படித்தேன். காலியில் நட்டது அதற்குப் பிறகாகத்தானே இருக்கும்? அட்டையில் 'நிறுத்தினார்' என்று போட்டிருக்கிறீர்கள்."

'செதுக்கப்பட்டது' என்று போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். யார், என்ன செய்தார் என்று எழுதச் சொன்ன தலைமையாசிரியர் பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டே கேட்டும் கேட்காதது போல நின்றார்.

அட்டையை வாங்கி, மேசை இழுப்பறையில் 'மறு அச்சு' என்று எழுதிய டப்பாவில் போட்டேன். அதில் ஏற்கெனவே ஆறு கிடக்கின்றன: உருவி எடுத்த பெரிய கோயிலுக்குப் பதிலாக விஜயநகரம், வெட்டும்போது ஓரம் போன இரண்டு, எழுத்துப்பிழை மூன்று. ஒன்பது சேர்ந்தால்தான் ஒரு தாள் ஓட்டலாம். இப்போது ஏழு. அவளிடம் கட்டைக் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய் மிச்சத்தையும் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.